ராபி வில்லியம்ஸ்: துரத்தப்பட்டவர் ஜெயித்த கதையா, கூட உட்கார்ந்து எழுதியவர் ஜெயித்த கதையா?

கேசட்_மூர்த்தி:

பரண் சுத்தம் செய்யும்போது ஒரு டேக் தட் கேசட் கிடைத்தது, ராபி வில்லியம்ஸ் இருந்த அந்த பிரிட்டிஷ் பாய் பேண்ட். 1992-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம். நாடா சுருண்டு வெளியே வந்துவிட்டது, பென்சில் விட்டுச் சுற்றியும் சரியாகவில்லை. அட்டையில் அந்த ஐந்து பையன்கள் மட்டும் அப்படியே இருக்கிறார்கள்.

இந்த ஐந்து பேரில் எவன் நிலைப்பான் என்று ஹாஸ்டலில் பந்தயம் கட்டியிருக்கிறோம். எல்லார் காசும் கேரி பார்லோ மேல்தான். பாட்டு எழுதுவது அவர், பியானோவில் உட்காருவது அவர், முக்கால்வாசிப் பாட்டைப் பாடுவதும் அவர். ராபி வில்லியம்ஸ் ஓரத்தில் நின்று கோணங்கி காட்டும் கடைக்குட்டி.

1995 ஜூலையில் ராபி வெளியே. மற்ற நாலு பேரும் 1996 பிப்ரவரி 13 அன்று குழுவைக் கலைப்பதாக அறிவித்தார்கள். அன்றைக்கு ராபிக்கு 22-வது பிறந்தநாள். தற்செயல்தான் என்கிறார்கள், நம்புவோம். அழுத பெண்பிள்ளைகளுக்காக பிரிட்டனில் தொலைபேசி ஆறுதல் எண்களே திறந்தார்கள். அதற்கப்புறம் ஏழே வருஷம். 2003 ஆகஸ்டில் லண்டனுக்கு வடக்கே நெப்வொர்த் திறந்தவெளியில் மூன்று நாளில் 3,75,000 பேர் முன்னால் நின்று பாடியது அந்தக் கோணங்கி!

என் கட்சி இதுதான்: அவரை வெளியே தள்ளியதுதான் அவருக்கு நடந்த நல்லது. தயார் நிலையில் எல்லாம் வைத்திருந்த கேரி அதையே தொடர்ந்தார், தேங்கினார். கையில் ஒன்றும் இல்லாதவன் புதுசாக ஏதாவது ஆகித்தானே தீர வேண்டும்? மறுப்பவர்கள் வரலாம்.

அரைக்கட்டை:

வந்துவிட்டேன் மூர்த்தி அண்ணே.

வெளியே தள்ளப்பட்டவர்கள் எல்லாரும் நெப்வொர்த் போனார்களா? உங்கள் கதையில் ஒரு ஆளையே காணோம். கை சேம்பர்ஸ். வேர்ல்ட் பார்ட்டி குழுவில் கீபோர்ட் வாசித்தவர். ராபியோடு உட்கார்ந்து எழுதினார், தயாரிப்பிலும் இருந்தார், மேடையில் பின்னணிக் குழுவையும் அவரே நடத்தினார். 1997 முதல் 2002 வரை வந்த ராபி பாட்டுகளில் நீங்கள் முணுமுணுப்பது எதை எடுத்தாலும் அநேகமாக இவர் பெயர் இருக்கும்.

'ஏஞ்சல்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வரவேற்புகளில் இதை நூறு தடவைக்கு மேல் வாசித்திருக்கிறேன். சரணத்தில் குரல் கீழேயே இருக்கும், பாதி பேச்சு மாதிரி. கோரஸ் வரும்போது மற்ற பாட்டுகள் போல ஆதார சுருதியின் கார்டில் (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) வந்து உட்காராமல் பஞ்சமத்து கார்டில் ஏறித் தொடங்கும். இ மேஜர் பாட்டு, கோரஸ் பி-யில் ஆரம்பம். வீட்டு வாசலுக்கு வந்தவன் உள்ளே போகாமல் மாடிப்படி ஏறுகிற மாதிரி. அதனால்தான் கேட்கிறவனுக்கும் கூடச் சேர்ந்து கத்த வேண்டும்போல் இருக்கிறது. இது வெளியே தள்ளப்பட்ட கோபத்தில் தானாக வருவதில்லை. தொழில் தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் இருந்தால் வருவது.

ரயிலடி:

சேம்பர்ஸ் வருவதற்கு முன்னாலேயே ராபி ஹிட் கொடுத்துவிட்டாரே. ஜார்ஜ் மைக்கேலின் 'ஃப்ரீடம்' பாட்டை 1996-ல் பாடி நம்பர் ஒன் ஆக்கினார். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அரைக்கட்டை:

நம்பர் ஒன் இல்லை நண்பா, நம்பர் 2. அந்த வாரங்களில் ஸ்பைஸ் கேர்ள்ஸ் முதல் இடத்தை விட்டு நகரவில்லை. அப்புறம் அது இன்னொருவர் பாட்டு. அவர் பாடியதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

கேசட்_மூர்த்தி:

பாடியதில் இல்லாமல் இருக்கலாம், எடுத்ததில் இருக்கிறது. குழுவை விட்டு வந்தபிறகும் பழைய கம்பெனி ஒப்பந்தம் அவரைக் கட்டிப்போட்டிருந்தது, அதிலிருந்து விடுபட்ட கையோடு வந்த பாட்டு இது. அதை எழுதிய ஜார்ஜ் மைக்கேலும் தன் கம்பெனியோடு கோர்ட்டுக்குப் போனவர். கம்பெனிக்காரன் முகத்துக்கு நேரே விடுதலை என்று பாடுவதற்கு வேறு எந்தப் பாட்டை எடுத்திருக்க முடியும்?

கணக்குப்பிள்ளை:

இரண்டு பேரும் காசை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். நான் பேசுகிறேன்.

ஒரு பாட்டிலிருந்து வரும் வருமானம் இரண்டு தனித்தனிக் குழாய்களில் வரும். ஒன்று பதிவுக்கு, பாடியவர்களுக்கும் கம்பெனிக்கும் போவது. இன்னொன்று எழுத்துக்கும் மெட்டுக்கும், எழுதினவருக்குப் போவது. டேக் தட்டில் ஐந்து பேரும் வியர்க்க வியர்க்க ஆடினார்கள், ஐந்து பேர் படமும் சுவரில் ஒட்டப்பட்டது, இரண்டாவது குழாய் மட்டும் பெரும்பாலும் கேரி வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. தவறு என்று சொல்லவில்லை. எழுதியது அவர்தானே. மேனேஜர் நைஜல் மார்ட்டின்-ஸ்மித் 1990-ல் மான்செஸ்டரில் ஆள் எடுக்கும்போதே கேரியை மையமாக வைத்துத்தான் எடுத்தார். ராபிக்கு அப்போது 16 வயசு. அம்மா காட்டிய விளம்பரத்தைப் பார்த்துப் போன பையன்.

ஆகவே குழுவை விட்டு வந்தபோது அவரிடம் புகழ் இருந்தது, பாட்டு இல்லை. தன் பெயரில் ஒரு நல்ல வரிகூட இல்லை. போதாக்குறைக்கு மேனேஜர் கமிஷன் பாக்கிக்காக வழக்குப் போட்டு ஜெயித்தும்விட்டார். இந்த நிலைமையில் ஒருத்தர் செய்ய வேண்டிய முதல் காரியம் பேனா பிடிப்பது. அதைத்தான் செய்தார். சேம்பர்ஸுடன் போட்ட கூட்டில் ராபி பெயரும் எழுதியவர் என்று வந்தது. மூர்த்தி சொல்லும் "துரத்தினது நல்லது" இந்த அளவில்தான் உண்மை. உள்ளேயே இருந்திருந்தால் அந்தப் பேனா கைக்கு வந்திருக்காது.

தாமரைக்குளம்:

வணக்கம், ரொம்ப நாளாக வாசித்துவிட்டு மட்டும் போகிறவள். ஒரு சின்னத் திருத்தத்துக்காக உள்ளே வந்தேன்.

"ஓரத்தில் நின்ற கோணங்கி" என்கிறீர்களே, பிரிட்டனின் பெரிய இசை விருதான பிரிட், டேக் தட்டுக்கு முதலில் கிடைத்தது எந்தப் பாட்டுக்கு? 'குட் இட் பி மேஜிக்'. பாரி மனிலோவின் பழைய பாட்டு. 1993 விருது. அதில் முன்னால் நின்று பாடியது ராபி. உங்கள் பரண் கேசட்டில் அந்தப் பாட்டு இருக்கிறது, நாடாவை ஒட்டிக் கேளுங்கள்.

அவர் கோணங்கி இல்லாமல் இருந்ததே இல்லை, அது வேறு. அப்பா பீட் கான்வே கிளப்களில் ஜோக் சொல்லிப் பாடிய மேடைக் கலைஞர். ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பக்கம், பீங்கான் தொழிற்சாலை ஊர். கூட்டத்தைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்குவது அந்த வீட்டுப் பழக்கம்.

கேசட்_மூர்த்தி:

சபாஷ். ஒத்துக்கொள்கிறேன். செல்லோடேப் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ரயிலடி:

1995-ல் கிளாஸ்டன்பரி இசை விழாவுக்குப் போய் ஒயேசிஸ் ராக் குழுப் பையன்களோடு குடித்துக் கூத்தடித்தாரே, அதனால்தானே துரத்தினார்கள்? அந்தப் போட்டோ பார்த்திருக்கிறேன். தலை வெளுத்து, ஒரு பல்லில் கறுப்புப் பூசி... ஒழுக்கமான பையன்கள் என்று விற்கப்பட்ட குழுவுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அரைக்கட்டை:

அது கடைசித் துரும்பு. குடியும் போதையும் அதற்கு முன்னாலேயே இருந்தன, ஒத்திகைகளில் சண்டை. இதில் எனக்குப் பிடித்தது பின்கதை. எந்த ஒயேசிஸ் ஆகவேண்டும் என்று போனாரோ, அந்த நோயல் காலகரே பிறகு அவரைக் குண்டு டான்சர் என்று கேலி செய்தார். ராபி 2000 பிரிட் விருது மேடையிலேயே நோயலின் தம்பி, ஒயேசிஸ் பாடகர் லியம் காலகரைச் சண்டைக்குக் கூப்பிட்டார். ஆளுக்கு ஒரு லட்சம் பவுண்ட் பந்தயம், டிவியில் காட்டலாம் என்று. சின்னப்பிள்ளைச் சண்டை.

ஆனால் 1998-ல் அதே கிளாஸ்டன்பரியின் முக்கிய மேடையான பிரமிட் மேடைக்குப் பாடகராகவே போனார். ராக் கூட்டம், இந்தப் பாய் பேண்ட் பையன் மேல் பாட்டில் எறிவார்கள் என்று எதிர்பார்த்த இடம். 'ஏஞ்சல்ஸ்' வந்ததும் அந்தக் கூட்டமே பாடியது.

தாமரைக்குளம்:

அதற்கு முன்னால் அவர் கிட்டத்தட்ட முடிந்துபோன ஆள் என்பதையும் சொல்ல வேண்டும். 1997-ல் மூன்று பாட்டு விட்டார். முதலாவது 2-ம் இடம், அடுத்தது 8, அதற்கடுத்தது 14. படியிறங்கும் கணக்கு. செப்டம்பரில் வந்த முதல் ஆல்பம் 11-ல் நுழைந்து சரிந்தது. கம்பெனி கைகழுவும் கட்டம். டிசம்பரில் நாலாவது பாட்டாக 'ஏஞ்சல்ஸ்' விட்டார்கள். அது நம்பர் ஒன் ஆகவே இல்லை, 4-ம் இடம்தான் உச்சம். ஆனால் இறங்கவும் மாட்டேன் என்று நின்றது. அது இழுத்த இழுப்பில் ஆல்பம் வெளிவந்து 28 வாரம் கழித்து முதலிடத்துக்கு வந்தது. இன்றைக்கு எந்தக் கம்பெனி 28 வாரம் பொறுக்கும்?

கேரியின் கணக்கு இதற்கு நேர்மாறு. முதல் இரண்டு பாட்டும் நம்பர் ஒன், ஆல்பமும் நம்பர் ஒன். 1999-ல் இரண்டாவது ஆல்பம் விழுந்தது, கம்பெனி விட்டுவிட்டது. உடம்பு பெருத்து, வெளியே தலைகாட்டாமல் சில வருஷம் வீட்டுக்குள் இருந்தார். ராபியோ பேட்டிக்குப் பேட்டி அவரைக் குத்திக்கொண்டிருந்தார். மூர்த்தி அண்ணன் கதாநாயகனின் இந்தப் பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

கண்மணி_பர்ப்பிள்:

ஹாய் அங்கிள்ஸ், ஆன்ட்டீஸ். நான் பிடிஎஸ் கூட்டம். ராபி வில்லியம்ஸை எனக்கு அவரைக் குரங்காகக் காட்டிய படத்தின் மூலம்தான் தெரியும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் காலத்தில் இந்தக் கேள்வி ஹாரி ஸ்டைல்ஸா ஜெயினா என்றுதான் வரும். ஜெயின் 2015 மார்ச்சில் ஒன் டைரக்‌ஷனை விட்டுப் போனார், முதல் தனிப்பாட்டே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நம்பர் ஒன். ஹாரி மெதுவாக வந்தார், 2022-ல் ஒரு பாட்டு அமெரிக்காவில் 15 வாரம் முதலிடம், அப்புறம் கிராமியில் வருஷத்தின் சிறந்த ஆல்பம். முதலில் வெளியே போனவர்தான் ஜெயிப்பார் என்ற மூர்த்தி அங்கிள் ஃபார்முலா அங்கே வேலை செய்யவில்லை.

அதே ஒன் டைரக்‌ஷனின் லியம் பெயின் 2024 அக்டோபரில் இறந்துபோனபோது நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. 31 வயசு. இந்த இழையில் ஜெயித்தார், தோற்றார் என்று படிக்கும்போது அதுதான் ஞாபகம் வருகிறது.

தாமரைக்குளம்:

கண்மணி, நீ சொல்வது சரிதான்மா.

ஹாரோ_அக்கா:

பிள்ளையள், நெப்வொர்த் என்று பெயர் வந்தபிறகு நான் பேசாமல் இருக்க ஏலாது. நான் போனனான். இரண்டாம் நாள்.

அப்போது நான் லண்டனுக்கு வந்து ஐந்து வருஷம். ஒரு கடையில் கல்லாவில் வேலை. கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று டிக்கெட் ஒன்று மிஞ்சிப்போச்சு என்று என்னை இழுத்துக்கொண்டு போனவள். ஹாரோவில் இருந்து நெப்வொர்த் கிட்டடிதான், ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அன்றைக்கு எங்களுக்கு அஞ்சு மணித்தியாலத்துக்கு மேல். ஏ1 மோட்டார்வேயில் கார்கள் அசையாமல் நின்றன. சனம் காரை விட்டு இறங்கி ரோட்டோரப் புல்லில் இருந்து சாண்ட்விச் சாப்பிட்டுது. வடிவாக உடுத்துக்கொண்டு வந்த பெண்டுகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். கடைசிவரை போய்ச் சேராத ஆக்களும் இருந்தார்கள் என்று அடுத்த நாள் பேப்பரில் பார்த்தேன்.

உள்ளே போனால் மேடை எனக்குத் தீப்பெட்டி அளவு. மனிசன் தலைகீழாக வந்தார் தெரியுமா? கணுக்காலில் கட்டி, மேலே இருந்து தொங்கவிட்டு இறக்கினார்கள். அப்படியே தொங்கிக்கொண்டு பாடத் தொடங்கினார். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும், "இவனுக்குத் தலை சுத்தாதா" என்று உண்மையாகவே கவலைப்பட்டா.

எனக்கு இங்கிலிஷ் பாட்டு ஒன்றும் அந்த நேரம் பெரிதாகத் தெரியாது. ஆனால் 'ஏஞ்சல்ஸ்' தெரியும், கடையில் ரேடியோ எந்த நேரமும் அதைத்தான் போடும். அவர் பாட்டை விட்டுவிட்டு மைக்கைச் சனத்துக்கு நீட்டினார். ஒரு லட்சத்துக்கு மேலே சனம். அந்தச் சத்தம் காதால் வரவில்லை, நெஞ்சுக்குள்ளால் வந்தது. நான் ஊரில் கோயில் திருவிழாவுக்குப் பிறகு அப்படி ஒரு சனத்துக்குள் நின்றதில்லை. அழுதுபோட்டேன். என்னத்துக்கு என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

இன்னொன்று. பழைய குழுக்காரர் மார்க் ஓவனை மேடைக்குக் கூப்பிட்டு இரண்டு பேரும் சேர்ந்து டேக் தட்டின் 'பேக் ஃபார் குட்' பாடினார்கள். கேரி எழுதின பாட்டு. அவ்வளவு நாளும் கேரியைத் திட்டிக்கொண்டு இருந்த ஆள், தன்ரை பெரிய நாளில் கேரி எழுதினதைத்தான் பாடினார். அரைக்கட்டைத் தம்பி, இதற்கு என்ன சொல்லுறீர்கள்?

அரைக்கட்டை:

அக்கா, ஒன்றும் சொல்லுவதற்கில்லை. நல்ல பாட்டு யார் எழுதினாலும் நல்ல பாட்டு. (நான் பிறந்ததிலிருந்து போன பெரிய கச்சேரியில் ஸ்பீக்கர் பின்னால்தான் இடம் கிடைத்தது. உங்கள் மேல் பொறாமையாக இருக்கிறது.)

ஆனால் நெப்வொர்த் நடக்கும்போது சேம்பர்ஸ் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? 2002-ல் பிரிந்துவிட்டார்கள். அந்த மூன்று நாளும் அறுவடை, விதைத்தவர் வேறு வயலுக்குப் போயாயிற்று. அடுத்த ஆல்பத்தை ராபி 2005-ல் ஸ்டீபன் டஃபியோடு சேர்ந்து எழுதினார். மோசமில்லை. அதற்கப்புறம் 2006-ல் 'ரூட்பாக்ஸ்'. கேட்டிருக்கிறீர்களா யாராவது?

ரயிலடி:

நான் கேட்டேன். எனக்குப் பிடிக்கும். அடிக்க வராதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

அந்த இடத்தில்தான் என் துறை வருகிறது.

2002 அக்டோபரில் ஈஎம்ஐ ரெக்கார்ட் கம்பெனி அவரோடு போட்ட ஒப்பந்தம் 8 கோடி பவுண்ட் என்று செய்தி. தொகையைவிட அதன் அமைப்புதான் முக்கியம். அதுவரை ரெக்கார்ட் கம்பெனிக்குத் தட்டு விற்ற காசில்தான் பங்கு. இதில் சுற்றுப்பயணம், டீ-ஷர்ட் விற்பனை உட்பட எல்லாவற்றிலும் கம்பெனிக்குப் பங்கு. இணையத்தில் பாட்டு இலவசமாக இறங்க ஆரம்பித்த காலம் அது, தட்டை நம்பி இனிக் கடை நடத்த முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் எல்லாக் கம்பெனியும் இந்த மாதிரி ஒப்பந்தம் போட ஆரம்பித்தது.

2005 நவம்பரில் அடுத்த வருஷப் பயணத்துக்கு ஒரே நாளில் 16 லட்சம் டிக்கெட் விற்றது, கின்னஸ் சாதனை. கம்பெனிக்காரன் அன்றைக்கு இனிப்பு வாங்கியிருப்பான். அடுத்த அக்டோபரில் 'ரூட்பாக்ஸ்'. 2008-ல் ஒரு செய்தி வந்தது, விற்காமல் தேங்கிய பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளைச் சீனாவுக்கு அனுப்பி நொறுக்கி ரோடு போடும் வேலைக்குப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று. எந்தப் பாடகனுக்கும் இப்படி ஒரு விமர்சனம் வந்திருக்காது.

தாமரைக்குளம்:

அந்த 16 லட்சம் டிக்கெட்டுக்குப் பின்னால் நடந்ததையும் சொல்லுங்கள் கணக்கு சார். 2006 செப்டம்பரில் லீட்ஸ் ரவுண்ட்ஹே பார்க். மேடையிலேயே அவருக்குப் பதற்றம் முற்றிவிட்டது. கை நடுங்க, இங்கிருந்து ஓடிவிடலாமா என்று இருந்திருக்கிறது. முன்னால் பல்லாயிரம் பேர் கைதட்டுகிறார்கள். ஆசியப் பயணத்தை அப்படியே ரத்து செய்தார்கள். 2007 பிப்ரவரி 13, திரும்பவும் அதே பிறந்தநாள், 33 வயசு, அமெரிக்காவில் மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார்.

2023-ல் நெட்ஃபிளிக்ஸ் தொடரில் இந்தக் காட்சிகளை அவரே பார்க்கிறார். படுக்கையில் உட்கார்ந்து, பனியன் ஜட்டியோடு, மடியில் லேப்டாப். லீட்ஸ் வரும்போது பார்க்கவே முடியாமல் முகத்தைத் திருப்புகிறார். நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். கண்மணி சொன்னதும் இதுதான் நினைவுக்கு வந்தது. லியமுக்கு அந்த மையமோ, கூட நின்ற ஆளோ சரியான நேரத்தில் வாய்க்கவில்லை, அவ்வளவுதான் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ராபி தப்பித்ததில் திறமைக்குப் பெரிய பங்கு இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

கண்மணி_பர்ப்பிள்:

❤️

கேசட்_மூர்த்தி:

நீங்கள் எல்லாரும் சேர்ந்து என் கட்சியைக் கிட்டத்தட்டக் காலி செய்துவிட்டீர்கள். பரவாயில்லை, மீதி இருப்பதைச் சொல்கிறேன்.

'ரூட்பாக்ஸ்' வந்த அடுத்த மாதமே, 2006 நவம்பரில், டேக் தட் ராபி இல்லாமல் நாலு பேராகப் புதுப் பாட்டோடு வந்தார்கள். 'பேஷன்ஸ்' நம்பர் ஒன். பத்து வருஷமாக அடிவாங்கிய கேரி எழுந்து நின்ற அதே நேரத்தில் இவர் சரிந்துகொண்டிருந்தார். சினிமாவில் இப்படி எழுதினால் நம்ப மாட்டோம்.

கணக்குப்பிள்ளை:

அதில் ஒரு விஷயம் கவனியுங்கள். 'பேஷன்ஸ்' பாட்டில் எழுதியவர்கள் என்று கேரி பெயர் மட்டும் இல்லை, நாலு பேர் பெயரும் இருக்கிறது. தயாரிப்பாளர் பெயரும் சேர்த்து. இரண்டாவது குழாயை எல்லார் வீட்டுக்கும் திருப்பிவிட்டார்கள். 2010-ல் ராபி திரும்பி வந்து ஐந்து பேராக 'ப்ராக்ரஸ்' போட்டபோது ஐந்து பேர் பெயர். முதல் வாரத்தில் 5 லட்சத்துக்கு மேல் விற்பனை. அடுத்த வருஷம் வெம்ப்லி ஸ்டேடியத்தில் மட்டும் எட்டு இரவுகள்.

சண்டை தீர்ந்தது அன்பினால் என்று நீங்கள் எழுதுவீர்கள். நான் இதை எழுதுகிறேன்.

தாமரைக்குளம்:

அன்பும் இருந்தது சார். ராபியும் கேரியும் சேர்ந்து ஒரு பாட்டே எழுதினார்கள், பெயரே 'ஷேம்'. இரண்டு பேரும் ஒருத்தரிடம் ஒருத்தர் மன்னிப்புக் கேட்கிற பாட்டு. அதுவும் 2010-தான்.

ரயிலடி:

அமெரிக்காவைப் பற்றி யாருமே பேசவில்லையே! அங்கே ஏன் எடுபடவில்லை?

அரைக்கட்டை:

'ஏஞ்சல்ஸ்' அங்கே முதல் 50-க்குள்கூட வரவில்லை. பிரிட்டிஷ்காரனுக்கு அவர் பண்ணும் கேலி புரிகிறது. தன்னையே இறக்கிப் பேசிக்கொண்டு, அதே மூச்சில் நான்தான் ராஜா என்பார். இரண்டும் சேர்ந்ததுதான் ஜோக். அமெரிக்காவில் ராஜா என்பதை மட்டும் கேட்டு, இவன் யாரடா என்று போய்விட்டார்கள். அப்புறம் அவரே லாஸ் ஏஞ்சலிஸில் வீடு வாங்கிக் குடியேறினார். அங்கே காபிக் கடைக்குப் போனால் யாருக்கும் தெரியாது என்பது அவருக்குப் பெரிய நிம்மதி. தோற்ற ஊரிலேயே போய் ஒளிந்துகொண்டார்.

கண்மணி_பர்ப்பிள்:

குரங்குப் படத்தைப் பற்றி இப்போது பேசலாமா? 'பெட்டர் மேன்', 2024. மைக்கேல் கிரேசி படம். எல்லாரும் மனிதர்கள், ராபி மட்டும் சிம்பன்சி. காரணம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், கூட இருப்பவர்கள் யாரும் அதைக் கவனிக்கவும் மாட்டார்கள். முதல் பத்து நிமிஷம் சிரித்தேன். அப்புறம் அவர் பாட்டியோடு சோபாவில் உட்கார்ந்திருக்கும் காட்சியில் அது குரங்கு என்பதே மறந்துபோச்சு. தியேட்டரில் என்னையும் சேர்த்து ஏழு பேர்.

கணக்குப்பிள்ளை:

ஏழு பேர் என்பது நியாயமான எண்ணிக்கைதான். சுமார் 11 கோடி டாலர் செலவு, வசூல் அதில் கால்பங்கைக்கூடத் தொடவில்லை. ஆனால் 2025 ஜனவரியில் அந்தப் படத்தின் பாட்டு ஆல்பம் பிரிட்டனில் முதலிடம். அது அவருக்கு 15-வது நம்பர் ஒன் ஆல்பம், அன்றைக்கு பீட்டில்ஸின் கணக்குக்குச் சமம். படம் படுத்துவிட்டது, பாட்டு எழுந்துவிட்டது.

ஹாரோ_அக்கா:

பீட்டில்ஸுக்குச் சமமோ! என்னோடு வேலை செய்த அந்தப் பிள்ளைக்கு இதை மெசேஜ் பண்ணினேன். இப்போ அவவுக்கு மூன்று பிள்ளையள். "அன்றைக்குச் செருப்பு துலைத்தேனே, ஞாபகம் இருக்கா" என்று பதில் வந்தது. ஓம், ஒற்றைச் செருப்போடுதான் அவவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான்.

அரைக்கட்டை:

மூர்த்தி அண்ணே, கடைசியாக ஒரு சமரசம். 'ஏஞ்சல்ஸ்' பாட்டு ஆரம்பித்தது சேம்பர்ஸிடம்கூட இல்லை. டப்ளினில் ரே ஹெஃபர்னன் என்ற பாடலாசிரியரோடு ராபி ஒரு ஆரம்ப வடிவம் போட்டார். யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதில் இன்றும் இரண்டு கதை. அவருக்கு 7,500 பவுண்ட் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். அதனால் நான் "சேம்பர்ஸ், சேம்பர்ஸ்" என்று கத்தியதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

7,500! அந்தப் பாட்டு பிரிட்டனில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

கேசட்_மூர்த்தி:

செல்லோடேப் கிடைத்தது. பிளேடால் நாடாவின் கசங்கிய இடத்தை வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி, நகத்தால் தேய்த்தேன். பழைய டேப் ரெக்கார்டரின் பெல்ட் தளர்ந்திருக்கிறது, அதனால் எல்லாப் பாட்டும் அரைக்கட்டை கீழே ஓடுகிறது. (நம்ம அரைக்கட்டையைச் சொல்லவில்லை.)

தாமரைக்குளம் சொன்ன 'குட் இட் பி மேஜிக்' வந்தது. 18 வயசுப் பையன் குரல். பின்னால் வந்த கரகரப்பு எதுவும் இல்லை, தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடுகிறான். ஆடிக்கொண்டே பாடுகிறான் என்பது மூச்சிலேயே தெரிகிற மாதிரி எனக்குத் தோன்றியது. என் பெண் வந்து யார் இது என்றாள். குரங்குப் படத்து ஆள் என்றேன். ஓ என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்று கேட்டாள்.

கோரஸ் இரண்டாம் தடவை வரும் இடத்தில்தான் என் ஒட்டு. ஒரு விக்கல், ஒரு வரி காணாமல் போய்விட்டது.

தாமரைக்குளம்:

அந்த வரியை நீங்கள் பாடிக்கொள்ளுங்கள்.